குறிஞ்சிப்பிட்டிக்குக் கடல் பார்க்கப் போய்க் குழாய் மூட்டுப் பார்த்த கதை

போன ஆகஸ்ட் விடுமுறையில், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிறவர்களைப் பார்க்கலாம் என்றுதான் கற்பிட்டிப் பக்கம் புறப்பட்டேன். புத்தளத்தில் காலை 8.10 பஸ், நூற்றெண்பது ரூபாய், நாற்பது கிலோமீற்றர் சொச்சம். 9.45க்குக் குறிஞ்சிப்பிட்டியில் இறங்கினேன். என் அக்கா ரெஜினா அங்கேதான் இருக்கிறாள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடலுக்குப் போவது திட்டம். திட்டம் போட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா!

அக்கா வீட்டில் இல்லை. வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அந்தப் பக்கக் கிணறெல்லாம் உப்பு, குடிக்கிற தண்ணீரைக் கேனில்தான் வாங்குகிறார்கள். இப்போது முப்பது வீட்டுக்குக் குழாய் போடுகிறார்கள். அக்கா தண்ணீர்ச் சங்கத் தலைவி. சோதனை சரி என்று அவள் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே குழியை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு மூட்டுக் கழன்றால் சங்கம்தான் மறுபடி தோண்ட வேண்டும்.

குழாய் பூட்டுகிறவர் தில்லையடிக்காரர், எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கறுப்புக் குழாய்களைப் பசை இல்லாமல், மூடியைத் திருகியே பூட்டியிருந்தார். மூடிக்குள் இருக்கும் வளையம் குழாயைக் கடித்துப் பிடிக்குமாம். ஒவ்வொரு மூட்டின் வாயிலும் குழாயில் பேனையால் கோடு கீறினார். தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் ஒன்பது பார் அமுக்கம் ஏற்றினார். அரை மணியில் அமுக்கமானியின் முள் எட்டுக்கு இறங்கியது. ஐயோ, போச்சு என்றேன். நானா சிரித்தார். பிளாஸ்டிக் கொஞ்சம் விரியும், முதலில் இறங்குவது வழக்கம்தான் என்றார். திரும்ப ஏற்றினார். இம்முறை ஒரு மணி நேரமாகியும் முள் அசையவில்லை, ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. நானே பேனையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. வளைவில் இருந்த மூட்டைக் காட்டினாள். அங்கே கோடு ஒரு விரலளவு வெளியே வந்திருந்தது.

"தண்ணி வரல்ல நானா. பைப் வருது."

"அது வளையம் பிடி எடுக்குது தங்கச்சி. கொஞ்சம் வரும்தான்."

புதுக் கோடு கீறி மறுபடி ஏற்றச் சொன்னாள். அதுவும் நகர்ந்தது. நானா அமுக்கத்தை இறக்கி மூடியைக் கழற்றினார். உள்ளே வளையம் தலைகீழாகக் கிடந்தது.

"மத்த பதினேழு மூட்டையும் கழட்டிப் பாருங்க," என்றாள் அக்கா.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டில் காற்று மணலை வாரி அடிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கோ கடல் பார்க்கக் கிடைக்கவில்லை. முள் இறங்கியபோது நல்லது, அசையாமல் நின்றபோது கூடாது என்கிற அந்தக் கணக்கும் சத்தியமாக இன்னும் விளங்கவில்லை. எல்லா மூட்டையும் கழற்றிப் பூட்டியதில் குழி மூட நாலு நாள் பிந்தியது. ஒழுங்கையில் சிலர் அக்காவோடு கதைக்கவே இல்லை. அந்த நாலு நாளும் அவளும் கேன் தூக்கித்தான் தண்ணீர் குடித்தாள்.