வாட்ச்சக்காவின் வினாடிகள்

தன் நோட்டில் ‘இவாகுவேட்’ என்பதற்கு நேரே எழுதியிருந்த ‘வெளியேறவும்’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடிக்கிறாள் வாட்ச்சக்கா. பக்கத்திலேயே காரணம்: ‘ஒருத்தரும் எழுந்திரிக்கல. யாருக்கோ சொல்றாங்கன்னு இருந்துட்டாங்க.’

பதினாறு வருடம் காலர் தைத்தவள். இப்போது அந்தத் தையல் ஆலையின் தீப் பாதுகாப்பு அவள் பொறுப்பு. தலைமை அலுவலகம் அனுப்பிய கையேடு முழுக்க ஆங்கிலம். ‘கெட் அவுட்’, ‘கெட் அவே’, ‘கிளியர் த ஃப்ளோர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் தப்பிக்கச் சொல்கிறது. அகராதி ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பொருள் தருகிறது. அவளுக்கு அகராதி மேல் நம்பிக்கை இல்லை. கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் மேல்தான். மாதம் ஒரு ஒத்திகை, ஒத்திகைக்கு ஒரு சொல்.

‘கிளம்புங்க’ என்றபோது எல்லோரும் சாப்பாட்டுப் பையைத் தேடினார்கள். ‘ஓடுங்க’ என்றபோது வாசலிலேயே நான்கு பேர் விழுந்தார்கள். ‘காலி பண்ணுங்க’ என்றதும் காஜா போடுகிறவள் கேட்டாள்: “ஏன் வாட்ச்சக்கா, வேலையை விட்டே தூக்கிட்டாங்களா?” தளமே சிரித்தது. ‘சிரிப்பு, முப்பது வினாடி’ என்று அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது.

பின்வாசலில் ‘கீப் கிளியர்’, வழியை அடைக்காதே என்று பெரிதாக ஆங்கிலத்தில் பெயின்ட் அடித்திருக்கிறது. அதன் கீழேயே அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். தினமும் காலையில் அவள் காலாலேயே அவற்றை ஓரம் தள்ளுவாள். “படிக்கத் தெரிஞ்சவங்கதான் வெக்கிறாங்க” என்பாள்.

கடைசியில் ‘எழுந்து வாங்க’ ஜெயித்தது. உள்ளே நின்று விரட்டக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும்.

தளம் இரண்டு நிமிடத்தில் காலியாக வேண்டும். அதற்குள் வர முடியாதவர்களுக்கு மேல்தளத்தில் இடமில்லை. கீழே மாற்றிவிடுவார்கள்; அங்கே இருப்பது பேக்கிங் வேலை, நாளெல்லாம் நின்றபடி. கடைசி வரிசையில் தைக்கும் அவள் தங்கைக்கு இடது கால் இழுக்கும். அரை மணி சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. “வாசல் பக்கம் முன் வரிசையில இடம் குடுங்க” என்று வாட்ச்சக்கா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். “ஆளுக்கு ஆள் மிஷினை நகர்த்த முடியுமா?” என்றார் மேலாளர்.

“ஒரு தடவை கண்ணை மூடிக்கோயேன்க்கா” என்று தங்கை காலையில்தான் சொல்லியிருந்தாள்.

அன்றைய ஒத்திகையில் ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் மற்ற எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே, மிஷின்களைப் பிடித்துப் பிடித்து ஒருத்தி மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

“வாட்ச்சை நிறுத்தும்மா, வந்தாச்சு. உன் தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார் மேலாளர்.

“வாடி, வா” என்று வாட்ச்சக்கா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பொத்தானின் மேல் கட்டைவிரல் தூக்கியபடியே நின்றது.

தங்கையின் வலது கால் வாசலைத் தாண்டியது. விரல் இறங்கவில்லை. இழுக்கும் காலும் தாண்டிய பிறகு அழுத்தினாள். முள்ளைப் பார்க்காமலேயே வாட்ச்சைக் கழுத்திலிருந்து கழற்றி, “நீங்களே படிங்க” என்று மேலாளர் கையில் வைத்தாள்.