அந்தோணியாருக்கு நேர்ந்த புள்ளிக்காரி

பங்கு மக்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மூன்று நாளாக விடாத மழை. என் புள்ளிக்காரியை வீட்டை ஒட்டிய சார்ப்பில் தனியாகக் கட்டி வைத்திருந்தேன். தவிட்டு டப்பா சத்தம் கேட்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற கோழி. அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு, உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. தவிட்டைப் பிசைந்து அலகுக்கு நேரே வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆறு வயதுக் கிழட்டுக் கோழிக்கா இந்தப் பதற்றம் என்று நினைப்பீர்கள். அது அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கோழி.

என் மகள் ஸ்டெல்லாவை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்து ஐந்து வருடமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு தடவை கலைந்தும் போனது. போன வருடத் திருவிழாவில் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். இவள் வயிற்றில் ஒன்று தங்கட்டும், என் புள்ளிக்காரியை உமக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று. வீட்டில் வேறு கோழிகளும் இருந்தன. ஆனால் மனசுக்குப் பிடித்ததைத்தானே நேர வேண்டும்.

இந்த வருடம் சித்திரையில் தங்கியது. ஜூன் திருவிழா வந்தபோது புள்ளிக்காரி அடையில் இருந்தது. முட்டையை விட்டு எழுப்புவது பாவம் என்றேன். அப்புறம் குஞ்சுகளைப் பருந்திடம் இருந்து காக்கத் தாய் வேண்டாமா என்றேன். குஞ்சுகள் பிரிந்து போனதும், பேரப்பிள்ளை பிறக்கட்டும், இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்க மனசு வரவில்லை. நான் துணி துவைக்கும்போது கல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏதாவது பேசினால் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும்.

கொடுக்காமல் வைத்திருக்கிறோமே என்று பயம் வந்தது. நாய் பிடித்துவிட்டால்? அந்தோணியாருக்கு என்ன பதில் சொல்வேன்? அதனால்தான் சணல் கயிற்றால் காலைக் கட்டி, கீழே வைக்கோல் பரப்பி வைத்தேன். நேர்ந்த கோழி மெலிந்து போகக் கூடாது என்று நெல்லும் அரிசியும் வேளைக்கு வேளை போட்டேன். இப்படி இருபது நாள்.

பக்கத்து வீட்டு ரீட்டா வந்து பார்த்து, வெள்ளைக்கழிச்சலாக இருக்கும் என்று மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்தாள். கோழி விழுங்கவில்லை. வாயில் புளித்த வாடை அடித்தது.

அன்று மத்தியானம் மருமகன் போன் செய்தார். ஸ்டெல்லாவுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கோழியும் படுத்தது, மகளும் படுத்தாள். கொடுக்காததை அந்தோணியாரே எடுத்துக்கொள்ள வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். சீக்குக் கோழியைக் கோயிலுக்குத் தூக்கிப் போக முடியாது. வேறு கோழி கொடுத்தால் ஏமாற்று. இது செத்துப்போனால் என் பிள்ளை என்ன ஆவாள்?

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளைப் பார்க்கப் போகாமல், கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடிவந்து, கிளம்பு என்றார். நான் வரவில்லை என்றேன்.

"பெத்தவ நீ. கோழிக்குக் காவல் இருக்கப் போறியா? அது என்ன, காலேஜுக்கா போகப்போகுது?"

அப்போதுதான் நேர்ச்சையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை யாருக்கும் தெரியாது. குனிந்து கோழியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, காலையில் கோழியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை வயர் கூடையில் சாக்கு போட்டு, கோழியை வைத்துத் திருவிடைமருதூர் போனேன். மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். கோழியின் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தீனிப்பை பந்து மாதிரிக் கல்லாக இருந்தது.

"இவ்ளோ தீனி யாரும்மா போட்டது?"

"நான்தாங்க. எடையா இருக்கட்டும்னு."

"கட்டிப் போட்டிருந்தீங்களா?"

"நாய் பிடிச்சிரும்னுதாங்க…"

"மேய விட்டாத்தானே மண்ணு, பொடிக்கல்லு எல்லாம் கொத்தும், தின்னது அரையும். கட்டிப் போட்டா வைக்கோலையும் கயித்தையும்தான் திங்கும். சீக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க பார்த்துக்கிட்டதுதான்."

தீனி போடாமல், எண்ணெய் சொட்டு விட்டு மெதுவாக நீவிவிடச் சொன்னார். இரண்டு நாளில் இளகவில்லை என்றால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், வயதான கோழி தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நீங்க பார்த்துக்கிட்டதுதான். அந்த ஒரு சொல் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அந்தோணியார் எங்கே வந்தார்? கயிற்றைக் கட்டியது நான். பழியைக் கொண்டுபோய் அவர் மேல் போட்டிருக்கிறேன். குழந்தை சேசுவையே கையில் ஏந்தி நிற்கிறவர், என் மகள் பிள்ளையைப் பறிக்க வருவாரா?

சாயந்தரம் கோழியை மடியில் வைத்து, நல்லெண்ணெய் சொட்டு விட்டு, பெருவிரலால் நீவினேன். ஒரு கையில் செபமாலை. என் வாயில் வந்தது இதுதான்:

"உம்மைக் கெட்டவரா நினைச்சிட்டேன், மன்னிச்சிரும். கோழி பொழைச்சாலும் சரி, போனாலும் சரி. என் பிள்ளையையும் வயித்துல இருக்கறதையும் உம்ம கையில விட்டுட்டேன். பதிலுக்குத் தர என்கிட்ட ஒண்ணும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோழியை ரீட்டாவிடம் விட்டுவிட்டு மன்னார்குடி போனேன். கோழி இளகியிருக்கவில்லை. ஆனாலும் போனேன். நான் ஒன்றை விட்டுவிட்டுப் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா முகமெல்லாம் வீங்கிப் படுத்திருந்தாள். ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், உடனே அழுதாள்.

"நான் உன்னைத்தாம்மா தேடினேன். கோழியை யாரு தேடினா?"

திங்கட்கிழமை பிரஷர் இறங்கியது. பிரசவம் வரைக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே ரீட்டா போன் செய்தாள். கோழி எச்சத்தில் சணல் நாராக வருகிறது, தீனிப்பை இளகிவிட்டது என்றாள். புதன்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது புள்ளிக்காரி வாசல் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

நன்றாகத் தேறிய பிறகு, கார்த்திகையில், அந்தோணியாருக்கு உரிய ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் கொண்டுபோய் விட்டேன். பயந்து கொடுக்கவில்லை, நன்றியாகக் கொடுத்தேன். மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையின் மனைவி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வேகவைக்க ஒரு வண்டி விறகு வேணும், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கொடிமரத்தடியில் நீங்கள் பார்க்கிற புள்ளிக்கோழி அதுதான். தயவுசெய்து யாரும் கட்டிப் போடாதீர்கள்.

பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் ஏறி ஏறி இறங்குகிறது. போன் அடித்தால் இப்போதும் செபமாலையைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன். பிறந்த பிறகு சாட்சி எழுதலாமே என்று ரீட்டா சொன்னாள். வேண்டாம் என்றேன். பிறந்த பிறகு நம்புவது யாராலும் முடியும். பிறக்கும் முன்பே சொல்கிறேன், அவர் நல்லவர்.

என்னைப் போல மனசுக்குள் பயத்தை வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை வாங்க. அவரிடம் சொல்லுங்க. அவர் கையில் விட்டுவிட்டு, உங்களைத் தேடுகிறவர்களிடம் போங்க. போகும்போது என் ஸ்டெல்லாவுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிவிட்டுப் போங்க.