பல்லாவரம் கல்லில் ஒரு குகை

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து வந்த முதல் ஞாயிறு அது. ஆகவே 1994, ஏப்ரல் கடைசியாகத்தான் இருக்க வேண்டும். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு டி.வி.யில், வீடியோ கேமின் குட்டி வீரன் ஒருவன் காலையிலிருந்து மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தான். ஜாய்ஸ்டிக் சித்தப்பா கையில் இருந்தது.

சித்தப்பா நிலவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். அரசுத் தேர்வு எழுதிவிட்டு, வராத வேலைக்குக் காத்திருந்தார். அப்பா தன் நண்பரின் மருந்துக் கம்பெனியில், கிண்டியில், ஓர் இடம் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கல்லு என்னடா சொல்லுது?" என்று அப்பா வராந்தாவிலிருந்து பேப்பரை இறக்காமல் கேட்டார்.

"யோசிக்கணும்னு சொல்லுதுண்ணா."

பிறகு என் பக்கம் சாய்ந்து, "பாப்பா, என் படிப்ப வச்சே இந்த கேம முடிச்சுட்டேன்னா இன்னும் ஒரு வருஷம் பரீட்சை எழுதறேன். இல்லன்னா கிண்டி" என்றார். எனக்குக் கிண்டி என்றால் பாம்புப் பண்ணை. அதை ஏன் தண்டனை மாதிரி சொல்கிறார் என்று தோன்றியது.

தெருப் பிள்ளைகள் செத்துச் செத்துப் பிழைத்துத்தான் வழி கண்டுபிடிப்பார்கள். சித்தப்பா பாறையைப் பார்த்து ஆடினார். கேமில் வீரன் மூன்று நாடுகளைத் தாண்ட வேண்டும். முதல் நாட்டில் அறுகோணக் கல்தூண்கள் வரிசையாக நின்றன. எரிமலைக் குழம்பு ஆறினால்தான் இப்படி நிற்கும், கீழே நெருப்பு இருக்கும் என்று ஓரமாக நின்றார். நெருப்பு சீறிவிட்டு அடங்கியது. அடுத்த நாட்டில் மலை வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புக்கல், தண்ணீர் அரித்துக் குகை இருக்கும் என்று சுவரிலேயே வீரனை மோதவிட்டார். சுவர் வழிவிட்டது. நான் கைதட்டினேன்.

மூன்றாவது நாட்டில், கருநீலத்தில் செங்குத்தாக ஒரு மலை. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பல்லாவரம் கல்லு!"

ஜல்லிக்காகப் பாதி வெட்டித் தின்ற அந்த மலையின் கல்லுக்கு உலகம் முழுக்க ஒரு பெயர் உண்டென்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் கல்லைத் தண்ணீர் அரிக்காது, குகை வராது, ஆகவே வழி உச்சியில்தான் என்று ஏறினார். உச்சிக்கு அப்பால் பள்ளம். மறுபடி ஏறினார், மறுபடி பள்ளம். கடைசி உயிர் மட்டும் மிச்சம். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஆரம்பித்தால் டி.வி. அவளுக்கு, கேமை நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து.

"கீழ ஒரு தடவ மோதிப் பாரேன் சித்தப்பா."

"இந்தக் கல்லுல குகை வராதுடி."

"சும்மா மோதித்தான் பாரேன்."

அவர் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினார். மலையடியில் மோதினேன். வீரன் உள்ளே போய்விட்டான். உள்ளே, சுண்ணாம்புக் குகையில் போல வெள்ளை வெளேரென்று கல் விழுதுகள் தொங்கிக்கொண்டிருந்தன. சித்தப்பா சிரித்தார்.

"வரைஞ்சவன் கல்லையே பாத்ததில்ல."

விழுதுகளுக்கு நடுவே ஓடி, கதவைத் திறந்து, கிரீடத்தை எடுத்தேன். திரையெங்கும் வாணவேடிக்கை. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சித்தப்பா இல்லை. வராந்தாவில் அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்ணா?"

அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். கல் என்ன சொல்லிற்று என்று அவர் கேட்கவில்லை.

"சித்தப்பா, நாம ஜெயிச்சுட்டோம்!" என்று ஓடினேன்.

"நீ ஜெயிச்சுட்டடி" என்று என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அதற்கடுத்த நாளும் கிளம்பினார். பந்தயத்தில் ஜெயித்த பிறகும் தினம் தினம் கிண்டிக்குப் போகிறாரே, ஒரு நாளாவது என்னைப் பாம்புப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாதா என்பதுதான் அந்த லீவு முழுக்க எனக்கிருந்த குறை.