செம்மங்குப்பத்துத் தகரக் கொட்டகை

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், செம்மங்குப்பத்தின் ரசாயன ஆலை நெடி ஜன்னல் வழியே ஏறியதும், இப்போது இல்லாத அந்தத் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிடுகிறது. ஞாயிறுதோறும் என் மாமாவும் மூன்று நண்பர்களும் அங்கே ராக் இசை வாசிப்பார்கள். டிரம்ஸ் அடிக்கும்போது கூரை அதிர்வது சிறுமியான என் பற்களில் தெரியும். சினிமா வாய்ப்பு வந்ததும் மூவரும் சென்னைக்குப் போய்ப் புகழ் பெற்றார்கள். மாமா மட்டும் போகவில்லை. "பாட்டையே வித்துட்டானுங்க" என்று அவர் சொல்ல, பள்ளியில் நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

ஒரு மத்தியானம் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், மாமா தனியாக உட்கார்ந்து அவர்களுடைய சினிமாப் பாட்டைக் கிதாரில் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கானுங்க பாப்பா. யார்கிட்டயும் சொல்லாத" என்றார், என்னைப் பார்க்காமலே.

மாமாவின் சாவுக்கு மூவரும் வந்து, வெகுநேரம் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களிடம்கூட நான் சொல்லவில்லை.