நாற்பது கவடு

“…நடந்தால் நாப்பது கவடு, கூடினால் நாப்பது! படமெடுக்க வந்து நிண்ட மாதிரி விலாவைக் காட்டிக்கொண்டு மான் நிக்குது. இந்த மனுசன்ரை கையிலை துவக்கு. சுட்டவரோ? சுடேல்லை! ஏனெண்டு கேளுங்கோ. நீங்களே கேளுங்கோ!”

சொல்லிவிட்டு நண்பர் தன் தொடையில் தட்டிச் சிரித்தார். ஸ்ரௌவ்வில்லில் அவர் வாங்கிய புது வீட்டின் கராஜில் ஐந்து பேர் மடக்குக் கதிரைகளில் இருந்தோம். காலையில் பாதர் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். மதியச் சாப்பாடு உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது. தெருவில் பாதி வீடுகளுக்கு இன்னும் புல்லுப் பதிக்கவில்லை. ஒக்டோபர் வெயில் கராஜ் கதவின் சிறு கண்ணாடிகளால் வந்து எங்கள் கால்களில் விழுந்தது.

ஒரு வருடமாக இந்தக் கதையை அவர் சொல்லி வருகிறார். பிறந்தநாள் விழாவில் சொல்லியிருக்கிறார், ஒரு செத்தவீட்டில் கூடச் சொல்லியிருக்கிறார். “ஏனெண்டு கேளுங்கோ” என்றதும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். “கொப்பு மறைச்சுப்போட்டுது” என்பேன் நான். “கொப்பாம்! இலையுதிர்ந்த கார்த்திகை மாசத்திலை கொப்பாம்!” என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். கதை அதோடு முடியும். அவருக்கும் எனக்கும் அது ஒரு பழகின கூத்து மாதிரி.

அன்றைக்கு மட்டும் என் பங்கு வசனம் வாயில் வரவில்லை.

காரணம் இருந்தது. இன்னும் இரண்டு கிழமையில் மான் வேட்டைக்காலம் தொடங்குகிறது. அதே காட்டுக்குப் போக அவர் ஒழுங்கெல்லாம் செய்துவிட்டார். “அண்ணை, நீங்கள் அதே கல்லடி, நான் அதே மரம். இந்த முறை விடப்படாது” என்று காலையில் கைகொடுத்துச் சொன்னார். அந்தக் கல்லடியில் நான் மறுபடியும் துவக்கோடு இருப்பதானால், அதற்கு முன் அவரிடம் ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்னோடு இனி ஒரு காட்டுக்கு வருவாரா, ஒரு காரில்தான் ஏறுவாரா, தெரியாது.

அவர் மன்னார்க்காரர். என்னை விட நாலு வயது இளையவர். என்னை அண்ணை என்பார், நான் அவரை நீர் என்பேன், ஐசே என்பேன். ஒஷாவாவில் ஒரு பண்டகசாலையில் இருவருக்கும் வேலை. பதினொரு வருடமாக என் காரில்தான் போய் வருகிறோம். வேட்டை ஆசையை எனக்குத் தொற்றவைத்தவரும் அவர்தான். இரண்டு பேருமாய் வகுப்புக்குப் போனோம், சோதனை எழுதினோம், லைசென்ஸ் எடுத்தோம். எங்களுக்குப் படிப்பித்தவர் காது மந்தமான ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவர் சொன்ன ஒன்று என் காதை விட்டுப் போகாது. மனிதர்கள் போகிறபோக்கில் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற ஆள் நான், ஆனால் இதை நான் பொறுக்கவில்லை, அதுவே வந்து ஒட்டிக்கொண்டது: “மான் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லாதே. உன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்லு.” பிறகு ஒரு படம் காட்டினார். மேட்டு உச்சியில் மான், அதற்குப் பின்னால் வெறும் வானம். சுடலாமா? வகுப்பில் முதல் கையைத் தூக்கி “கூடாது” என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆடு அடிக்கப் போகிறோம் என்றால் ஆடு நிற்கும்போதே பங்கு பிரிந்துவிடும். யாருக்கு எத்தனை பங்கு என்று பேசி முடித்த பிறகுதான் கத்தியே வெளியில் வரும். கட்டி நிற்கிற ஆட்டுக்கு அது சரி. நாங்கள் அதைக் காட்டில் திரிகிற மானுக்கும் செய்தோம். இந்த நாட்டில் வேட்டை இறைச்சியை விற்க முடியாது, சும்மாதான் கொடுக்கலாம். சும்மா என்றால் கேட்க வேண்டுமா! நாங்கள் வெளிக்கிட முதலே பன்னிரண்டு பங்கு சொல்லியாகிவிட்டது. “பங்கு சொல்லியாச்சு, இனி மான் வரத்தானே வேணும்” என்றார் நண்பர். என் மனைவி மட்டும் பங்கு கேட்கவில்லை. அவளுக்குக் கந்தசஷ்டி விரதம். “சூரன்போர் முடியட்டும், பிறகு உங்கடை மானைக் கொண்டாங்கோ. அதுவரைக்கும் அது வாசல்படி ஏறப்படாது” என்றாள்.

ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு விவசாயியின் காடு அது. அவரிடம் அனுமதி எழுதி வாங்கியிருந்தோம். ஒரு சின்ன மேடு, அதன் அடிவாரத்தில் ஒரு பெரிய கல். கல்லடியில் நான். இடப்பக்கம் தேவதாரு மரங்களைத் தாண்டி, ஓடைக்கரையில் ஒரு மரத்தில் கட்டிய இருக்கையில் அவர். சொல்லாமல் இடம் மாறக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். இரண்டு பேருக்கும் செம்மஞ்சள் தொப்பி, செம்மஞ்சள் மேலங்கி.

காலை ஒன்பது மணி இருக்கும். நல்ல குளிர். உள்ளே கம்பளிக் கையுறை, அதற்கு மேல் இன்னொன்று போட்டிருந்தேன். மான் சத்தமில்லாமல் மேட்டு உச்சிக்கு வந்து நின்றது. முன்னால் ஒரு புல் கூட மறைக்கவில்லை. பின்னால் வானம்.

படம் எனக்கு ஞாபகம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. கிழவரின் குரல் கூட வந்தது. நான் அவரோடு வாதாடினேன். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? சரிவு, அதற்குப் பிறகு காடு, வீடு ஒன்றும் இல்லை, காலையில் பார்த்துவிட்டுத்தானே வந்தோம். நண்பர் இடப்பக்கம் மரத்தில் இருக்கிறார். இன்றைக்கு விட்டால் நாளைக்கு வருமா? பன்னிரண்டு வீட்டுக்கு என்ன சொல்வது? மான் என்னைப் பார்க்கவில்லை. அதன் இரண்டு காதுகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன, அப்பால் எதையோ கேட்டுக்கொண்டு நின்றது. பின்னால் இன்னொரு மான் வருகிறது போல, அதற்காகக் காத்து நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காதுகளை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்தேன்.

விட்டுவிடுவோமா, சுடுவோமா என்று நான் யோசித்தது ஒரு நிமிடம் இருக்கும். யோசித்து முடிவெடுத்தேன். சுடுவது என்று.

துவக்கில் விசையைப் பூட்டி வைக்கிற ஒரு பொத்தான் உண்டு. அதைத் தள்ளினேன். குறி பார்த்தேன். மூச்சைப் பிடித்தேன். விசையை அமத்தினேன்.

வெடி கேட்கவில்லை.

இன்னொரு தரம் அமத்தினேன். விசை கல்லுப் போல நின்றது. குனிந்து பார்த்தால், பூட்டுத் திறந்தால் பொத்தானில் தெரிய வேண்டிய சிவப்பு வளையம் தெரியவில்லை. தடித்த கையுறையால் நான் தள்ளியது பாதிதான் போயிருந்தது, பூட்டுத் திறக்கவில்லை. பல்லால் கையுறையைக் கடித்து இழுத்து, வெறும் விரலால் பொத்தானைத் தள்ளி, நிமிர்ந்தேன். மான் ஒரே பாய்ச்சலில் வலப்பக்கம் போய்விட்டது.

அது நின்ற இடத்துக்கு நேர் பின்னால் ஒரு செம்மஞ்சள் தொப்பி எழும்பியது. பிறகு முகம். பிறகு காதில் போனைப் பிடித்த கை. அவர் கையில் துவக்கு இல்லை. மான் போன பக்கத்தைப் பார்த்தார், கீழே என் கல்லைப் பார்த்தார். நான் கல்லோடு ஒட்டிக்கொண்டேன். என்னைக் கண்டாரோ இல்லையோ தெரியாது. சட்டென்று குனிந்து மேட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டார்.

கால்மணி நேரம் கழித்து, துவக்கைத் தூக்கிக்கொண்டு, ஓடைப்பக்கமாய்ச் சுற்றி வந்தார். மரத்தில் இருந்து இறங்கி வருகிறவர் மாதிரி.

“அண்ணை! மரத்திலை இருந்து பாத்தன். என்ன வடிவா நிண்டது! ஏன் சுடேல்லை?”

“கொப்பு மறைச்சுப்போட்டுது” என்றேன். அதற்குள் துவக்கிலிருந்து குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு சின்ன மானை அடித்தார். பங்கு போட்டதில் ஆளுக்கு ஒரு கை இறைச்சி கிடைத்தது. அந்த நாளில் ஒரு தரம், அவர் இல்லாத நேரம், நான் அந்த மரத்து இருக்கையில் ஏறி இருந்து பார்த்தேன். தேவதாருக்கள் அடைத்து நின்றன. அங்கேயிருந்து மேட்டு உச்சி தெரியாது.

விரதம் முடிந்து மனைவி மான்கறி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. “நான் விரதம் விட்டிட்டன். நீங்கள் இப்ப ஆருக்குப் பிடிக்கிறியள், சூரனுக்கோ?” என்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

காட்டை விட்டு வந்தால் இது போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பண்டகசாலையில் எல்லோரும் செம்மஞ்சள் மேலங்கிதான் போட வேண்டும். சாமான் அடுக்குகிற ராக்கைகளுக்கு அந்தக் கடைசியில் அவர் தலை நிமிர்த்துகிற ஒவ்வொரு தரமும் என் சுட்டுவிரல் தானாக மடங்கும். ஒரு நாள் அதற்காகவே அந்தக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். காரில், விட்பி தாண்டும்போது, அவர் கண்ணாடியில் தலை சாய்த்து வாயைத் திறந்து தூங்குவார். தூங்குகிறார்தானா என்று மூச்சைப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் போய் ஒரு தரம் பக்கத்து லேனுக்குள் ஏறிவிட்டேன். அவர் முழித்து, “அண்ணை, என்னைக் கொல்லப் பாக்கிறியளோ?” என்று சிரித்தார்.

கராஜுக்கு வருகிறேன். நான் வாய் திறக்காததைக் கண்டு, எனக்குப் பதிலாக ஒருவர் “கொப்பு மறைச்சதாம்!” என்று எடுத்துக் கொடுத்தார். அந்த நேரம் நண்பரின் மனைவி ஒரு தட்டு நிறைய ரோல்ஸோடு உள்ளே இருந்து வந்தார்.

“உதே கதைதானே? உவருக்கு வேறை கதை கிடையாது. அண்ணை பாவம் பாத்து விட்டிருப்பார். அவர் நல்ல மனுசன்” என்று எனக்கு முதல் ரோலை நீட்டினார். “அண்டைக்கு நான்தான் போன் எடுத்தனான், என்ரை சித்தியும் ஒரு பங்கு கேட்டவ எண்டு சொல்ல. பதின்மூண்டாவது பங்கு! ஒண்டும் விளங்கேல்லை, விட்டு விட்டுக் கேக்குது. ‘பொறும், மேட்டிலை ஏறுறன்’ எண்டவர். ஏறினவர் ‘ஐயோ மாதாவே’ எண்டு கட் பண்ணிப்போட்டார். நான் பயந்து போனன். பிறகு கேட்டால், மான் ஓடினதாம்!”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது கதைக்கு இன்னொரு வால், அவ்வளவுதான். நண்பரின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. “சரி, சரி, சாப்பாடு ஆறுது, எழும்புங்கோ” என்று அவர் மனைவி எல்லோரையும் உள்ளே கலைத்தார். நான் எழும்பவில்லை. அவரும் எழும்பவில்லை.

கராஜில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

“அண்ணை, மன்னிக்க வேணும். மரத்திலை இருந்தனான் எண்டது பொய்.”

“தெரியும்.”

“தெரியும் எண்டு எனக்கும் தெரியும். அதாலைதான் ஒவ்வொரு இடத்திலையும் கேட்டுப் பாத்தனான். தனிய இருந்து கேக்க எனக்கு முகமில்லை.” குரல் தணிந்திருந்தது. “நீங்கள் என்னைக் கண்டுதான் சுடாமல் விட்டனீங்கள். ஒரு நாள் படுக்கேக்கையும் அதை நினைக்காமல் விட்டதில்லை. என்ரை மனுசிக்குக் கூடச் சொல்லேல்லை. இண்டைக்கு இந்த வீட்டுக்குள்ளை வலக்காலை வைக்கேக்கை உங்களைத்தான் நினைச்சனான், சொல்லுறனே!”

இந்த இடத்தில் நான் பேசாமல் தலையாட்டியிருக்கலாம். ஒரு தலையாட்டுப் போதும், சாகும்வரை அவருக்கு நான் உயிர் தந்தவன். ரோல் கையில் சூடாக இருந்தது. அதைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

“நான் உம்மைக் காணேல்லை, ஐசே.”

“அப்ப?”

“சுட்டனான்.”

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூட்டுப் பொத்தான் சரியாத் தள்ளுப்படேல்லை. ரெண்டு தரம் அமத்தினனான். பொத்தானைத் தள்ளிப்போட்டு நிமிர, மான் போட்டுது. அதுக்குப் பிறகுதான் உம்மடை தொப்பி.”

உள்ளே யாரோ கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. “எங்கை ரெண்டு பேரும்?” என்று அவர் மனைவி கூப்பிட்டார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

அவர் எழும்பிச் சுவரில் இருந்த பொத்தானை அமத்தினார். கராஜ் கதவு மெதுவாக மேலே போனது. வெளிச்சம் முழுதாய் உள்ளே விழுந்தது. வீட்டுச் செருப்போடு, குளிரங்கி இல்லாமல், நேரே வெளியில் இறங்கினார். டிரைவ்வேயைத் தாண்டினார். எதிரே, இன்னும் கட்டி முடியாத வீடுகளுக்கு நடுவே, நேராகப் போகிற தெருவில் கவடு வைத்து நடந்தார். வாய்விட்டு எண்ணினார். முப்பத்தொன்பது, நாற்பது. அங்கே ஒரு கணம் நின்று, மான் நின்ற இடம் அதுதான் என்பது போல நிலத்தைப் பார்த்தார். பிறகு மேலும் நடந்தார், இப்போது எண்ணுவது எனக்குக் கேட்கவில்லை. ஒரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். என் பக்கம் திரும்பி, போன் பிடிக்கிற மாதிரி ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, அசையாமல் என்னைப் பார்த்தார்.