மஞ்சள் படாத வாசல்

சீனியம்மாள் சென்னைப் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த நேரம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். 1942, சித்திரை பிறக்கிற சமயம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. எழும்பூர் ஸ்டேஷனில் தெற்கே போகிற ரயிலுக்குள் பிள்ளைகளை ஜன்னல் வழியாகத் திணித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கேயிருந்து காலியாக வந்து நின்ற ரயிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடும் இவள் இறங்கினாள்.

திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெருவில் அவளும் நானும் பல வருஷம் எதிரெதிர் வீடு. குழாயடியில் வரிசையில் நின்றபடி அவளே எனக்குச் சொன்ன கதை இது. அவள் புருஷன் தங்கப்பாண்டியை நேரில் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். அன்றைக்கு அவன் செய்த காரியத்துக்கு மரியாதை போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாத்தான்குளத்துப் பக்கம் அவள் ஊர். தங்கப்பாண்டிக்குப் பட்டணத்தில் டோல்கேட் பக்கம் ஒரு பலசரக்கு மண்டியில் வேலை. தெற்கேயிருந்து வந்து கடை வேலை பார்க்கிறவர்களின் பிழைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே, பெண்டாட்டி ஊரில். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு லீவு கிடைக்கும். அப்போது புது வேட்டியும் சென்ட் வாசனையுமாக ஊருக்குப் போய் நிற்பார்கள். தங்கப்பாண்டியும் அப்படித்தான் போவான். போனால் சும்மா இருக்க மாட்டான். கடையில் பாதி தனக்குச் சொந்தம் என்பான். ராயபுரத்தில் மாடி வீடு இருக்கிறது, திருகினால் தண்ணீர் கொட்டும், தட்டினால் விளக்கு எரியும் என்று அளப்பான். “அடுத்த வருசம் உன்னியக் கூட்டிட்டுப் போறேன், ஏளா” என்று சொல்லிவிட்டு ரயிலேறுவான். அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

“மாடி வீட்டுல எல்லாத்துக்கும் எடமிருக்கு, கெட்டுன பொண்டாட்டிக்கு மட்டும் எடமில்லியாக்கும்?” என்று கிணற்றடியில் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்ட வாய்கள் எல்லாம் முடிக்கிற இடம் ஒன்றுதான். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள். அந்த வருஷம் கொடைக்கு அவன் வரவே இல்லை. சீனியம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பட்டணம் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, புருஷனுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, கிளம்பிவிட்டாள். அந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். இருந்தால் அடுத்த ரயிலில் ஊர் திரும்பி, தாலியைக் கழற்றி அம்மன் உண்டியலில் போட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

உண்மையில் தங்கப்பாண்டிக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை. மண்டியில் மூட்டை தூக்கித் தராசில் வைத்து எடை போடுகிறவன். ராத்திரி கிடங்கில் சாக்கை விரித்துப் படுப்பான். ராயபுரத்து மாடி வீடு முதலாளி தேவப்பிரியத்துடையது. முதலாளியும் தெற்கத்திக்காரர், வேதக்காரர். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குண்டுக்குப் பயந்து அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, “வீட்டப் பாத்துக்கோ, ராத்திரி வராந்தாவுல படுத்துக்கோ” என்று சாவியை இவனிடம் கொடுத்திருந்தார். கொடைக்குப் போக முடியாததும் அதனால்தான். சீனியம்மாளின் கார்டைப் பார்த்ததும் அவனுக்கு உதறல் எடுத்தது. கையில் சாவி இருந்தது. மூளை கெட்ட வழியில் போயிற்று.

ஏசுநாதர் படத்தையும் வசனம் எழுதிய அட்டைகளையும் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினான். ஒரு முருகன் படம் வாங்கி அதே ஆணியில் மாட்டினான். முருகன் படம் சின்னது. பழைய படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகச் சட்டம் போட்டதுபோல் சுற்றிலும் தெரிந்தது. அது அவன் கண்ணில் படவில்லை.

மறுநாள் எழும்பூரிலிருந்து பெண்டாட்டியை ரிக்‌ஷாவில் கூட்டிவந்தான். ரிக்‌ஷா இழுத்தவர் நீலமேகம், புளியந்தோப்புக்காரர், மண்டிக்கு வந்துபோகிறவர்களை ஏற்றிப் பழக்கமானவர். “இதான் நம்ம வீடு ஏளா, படி ஒசரம், பாத்து வா” என்றான் தங்கப்பாண்டி. நீலமேகம் அப்போது வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

சீனியம்மாள் படியேறி, வழக்கம்போல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்போம். வருஷக்கணக்கில் ஊறி மரமே மஞ்சளாகிவிடும், தேய்த்தாலும் போகாது. இந்த நிலையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. கட்டின நாளிலிருந்து மஞ்சளே பார்க்காத வாசல். உள்ளே போனாள். முருகன் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளைச் சட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு, அதில் நீளமாக ஒரு பெண்ணின் முடி.

என் புருஷன் ஒரு வேதக்காரியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறான். அவள் மனசில் விழுந்த கணக்கு அதுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நான் என்றால் அந்தச் சீப்பை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். அவள் சீப்பைத் தொடாமல் குழாய்ப் பக்கம் போனாள். குழாயைத் திருகினாள், தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அழுதாளாம். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் அந்த மடையன்.

விடிந்ததும் நீலமேகத்தின் ரிக்‌ஷாவிலேயே பட்டணம் காட்டக் கிளம்பினான். கடைத்தெருவில் பாதிக்கு மேல் பூட்டு. உயிர் காலேஜ் என்று சொல்கிற மிருகக்காட்சி சாலைக்குப் போனால் சிங்கக் கூண்டும் புலிக் கூண்டும் காலி. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று அவற்றைச் சுட்டுவிட்டார்கள். ஆனாலும் தங்கப்பாண்டி ஒவ்வொரு கூண்டாக நிறுத்தி, “இங்கதான் புலி நிக்கும், இம்புட்டு ஒசரம்” என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். சீனியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத புலியைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

சாயங்காலம் கடற்கரை. அங்கேயும் ஆள் இல்லை, கம்பிவேலிதான். நீலமேகம் கொஞ்சம் தள்ளி ரிக்‌ஷாவைச் சாய்த்து வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

“அவ எங்க?” என்றாள் சீனியம்மாள்.

“எவ?”

“அந்த வேதக்காரி. குண்டுக்குப் பயந்து ஊருக்கு அனுப்பிட்டியளா? சொல்லிருங்க. நான் சண்ட போட மாட்டேன். விடிஞ்சா ரயிலுக்குப் போயிருதேன்.”

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது முதலாளி வீடு ஏளா, நான் கூலிக்காரன். இவ்வளவுதானே? அவன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அவ போயிட்டா. இனி வர மாட்டா. நீ போவாத.”

பாருங்கள், இல்லாத ஒருத்தியை ஒப்புக்கொண்டுவிட்டான்! எடை போடுகிறவன் என்று சொல்வதைவிட, இரண்டு குடும்பம் வைத்திருக்கிறவன் என்று பெயர் எடுப்பது அவனுக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது.

நீலமேகம் பீடியைக் கீழே போட்டார். “ஐய, இன்னா நைனா பேசிகினு கீற? எவ போய்ட்டா?” என்று எழுந்து வந்தார். “யம்மா, அது இவுரு மொதலாளி வூடும்மா. இவுரு மண்டில மூட்ட தூக்கிகினு கீறாரு, ராவானா கெடங்குல சாக்குல படுத்துக்குவாரு. பொம்பளையாவது இன்னொண்ணாவது! எனுக்குத் தெரியாதா? இன்னாத்துக்கு நைனா அந்தப் பொண்ணப் பேஜார் பண்ற?”

சீனியம்மாள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் சொன்னாள், ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் வந்த கோபம் அந்த நிம்மதியை முழுங்கிவிட்டது.

“கூலிக்காரன்னு சொல்ல வெக்கமா இருக்கு. கூத்தியா இருக்கான்னு சொல்ல வெக்கமில்ல. அப்படித்தான?”

ரிக்‌ஷாப் பக்கம் நடக்கப் போனவனை அவள் மறித்தாள்.

“நீங்க படுக்குற எடத்தக் காட்டுங்க. பட்டணத்துல நான் அதத்தான் பாக்கணும்.”

டோல்கேட்டுக்கு ரிக்‌ஷா போயிற்று. கிடங்கில் மிளகாய் நெடி, ஒரு கிழிந்த சாக்கு, ஓர் அலுமினிய டம்ளர். ஆணியில் கொடைக்குக் கட்டிக்கொண்டு வருகிற அந்த வேட்டி, மடிப்புக் கலையாமல் காகிதத்தில் சுற்றித் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அம்மன் கோயில் மஞ்சளை எடுத்துப் படிக்கல்லில் உரைத்துக் கிடங்கின் நிலையில் பூசினாள். பாசத்தில் பூசினாள் என்று நினைத்துவிடாதீர்கள். இதுதான் நம் வாசல் என்று ஆத்திரத்தில் பூசினாள். ராயபுரத்து வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. தகரப் பெட்டியை அவனே போய் எடுத்துவந்தான்.

முதலாளி ஊரிலிருந்து திரும்பி, கிடங்கு வாசலைப் பார்த்துவிட்டு, “மஞ்சள் யாரு வச்சது?” என்று கேட்டார். “எம் பொஞ்சாதி” என்றான் தங்கப்பாண்டி. வேதக்காரரானாலும் முதலாளி அதை அழிக்கச் சொல்லவில்லை. வேறு இடம் கிடைக்கிற வரை இரண்டு பேரையும் அங்கேயே இருக்கவிட்டார். நல்ல மனிதர்.

பிறகு திருவொற்றியூரில் அறை பிடித்தார்கள், பிள்ளைகள் பிறந்தன. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பட்டணம் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள். தங்கப்பாண்டிதான் உயிர் காலேஜுக்கும் செத்த காலேஜ் என்கிற மியூசியத்துக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போவான். கூண்டுகளில் புதுப் புலிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, “நீயும் வாயேன்” என்பான், கெஞ்சுகிற குரலில். அவள் அடுப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். அவன் மழை பெய்கிறது என்றால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பாள்.

“இம்புட்டு வருசமாச்சு, மனுசன் ஒரு தப்பும் பண்ணலியே, விட்டுத் தொலையேன்” என்று ஒருநாள் குழாயடியில் நானே சொன்னேன்.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அவுக ஒரு தப்பும் பண்ணலக்கா, எனக்குத் தெரியாதா? பண்ணலங்கிறத எங்கிட்டச் சொல்ல மாட்டேன்னுட்டாகளே. அதான் ஆற மாட்டேங்கு.”