அண்ணாச்சிக்காகப் படம் பிடித்த மலைச்சாலை

சண்டை முடிந்து பர்மாவிலிருந்து திரும்பிய என் கணவர், பட்டாளத்து ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தார். இடப்பக்கம் சைடு கார் வைத்தது. பட்டாளத்திலும் அவருக்கு மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலைதான். அங்கே நடந்தவற்றை வீட்டில் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை. நான் அருப்புக்கோட்டையில் மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தேன்.

எதிர்ச்சாரியில் நூல் கடை வைத்திருந்த அண்ணாச்சி, கொடைக்கானல் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு சினிமாக் காமிரா வாங்கியிருந்தார். போவதற்குள் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கடைக்குள் கட்டிலைப் போட்டுச் சாய்ந்தபடியே வியாபாரம் பார்த்தார். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

“இனிமே நான் எங்க மல ஏற? நீங்க போயி அந்த ரோட்டப் படம் பிடிச்சிட்டு வாங்க. வளைவு வளைவாப் போகுமாம்ல?”

“எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும் அண்ணாச்சி” என்றார் என் கணவர்.

“டீச்சரம்மா பிடிக்கட்டும். சாவி குடுத்துட்டு இந்தப் பித்தான அமுக்குனா ஓடும். அம்புட்டுதான்.”

பெட்ரோல் ரேஷன் காலம். அதற்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். சைடு காரில் காமிராவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். “டீச்சரு பட்டாளத்துக்குப் போறாக” என்று கடைவீதியில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காமிராவைக் கண்ணில் வைத்தேன். ஒரு வளைவில் மேலிருந்து லாரி ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. என் கணவர் இடப்பக்கம் ஒதுங்கினார். அந்தப் பக்கம் பள்ளம். சைடு காரின் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, நான் சாய்ந்தேன். பித்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. காமிராக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அது வேறு யாருக்கோ நடப்பதாகத் தோன்றியது.

லாரி போய்விட்டது. அவர் உடம்பை வலப்பக்கம் சாய்த்து வண்டியை ரோட்டுக்கு இழுத்து நிறுத்தினார். பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார்.

“பர்மாவுல இப்படித்தான் ஒரு வளைவு” என்றார். “எனக்கு முன்னால போனவன் வண்டியோட பள்ளத்துக்குள்ள போயிட்டான். நம்ம பக்கத்து வீரசோழன் ஊர்க்காரன். நான் நிக்கல. எங்கயும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டரு.”



“திரும்பிப் போயிருவமா?” என்று கேட்டேன்.

“இல்ல, ஏறுவோம். அண்ணாச்சி காத்துக்கிட்டிருப்பாக.”

ஏறினோம். மேலே மேகம்போல் மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அதையும் பிடித்தேன்.

படச்சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர வெகுநாளாயிற்று. நூல் கடைச் சுவரில் வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தோம். ரோடு சாய்ந்து வேட்டி முழுக்கப் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் அண்ணாச்சி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இது என்னது?”

“வண்டி விழப் பாத்துச்சு அண்ணாச்சி.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். “எனக்காகப் போயி இப்படியா?” என்றார். கட்டில் சட்டத்தை விடாமலே, “இன்னொருக்கா போடுங்க” என்றார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் திரும்ப ஓட்டிக் காட்டினேன். கடைசியில் மஞ்சு வந்து வேட்டி வெறும் வெள்ளையானபோது, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து விளக்கைப் போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் என் கணவர் வண்டியை எடுத்தார். எங்கே என்று கேட்டேன்.

“வீரசோழன் வரைக்கும் போயிட்டு வாரேன். அன்னைக்கு விழுந்தவனோட அம்மா இருக்காகளாம்.”

பொழுது சாயத் திரும்பினார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

“வேணாம். அந்தம்மா கறிக்கொழம்பு வச்சு, எந்திரிக்க விடாமச் சோறு போட்டாக” என்றார்.